கரகரப்பு இருக்கட்டும், பேச ஆள் இருக்கிறாரா?

புயல் கரையைக் கடந்த அன்று இரவு பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் செல்போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் பெருக்கல் குறி மட்டும் நின்றது. பரண்மேல் கிடந்த பழைய டிரான்சிஸ்டரை இறக்கி, டார்ச்சில் இருந்த பேட்டரியைக் கழற்றி அதில் போட்டேன். முதலில் சிக்கியது ஒரு பண்பலை நிலையம். துளி இரைச்சல் இல்லை. "இந்த இனிய இரவில் உங்களுக்காக அடுத்த பாடல்" என்றது ஒரு குரல். பக்கத்து வீட்டுத் தகரக் கூரை அப்போதுதான் பிய்த்துக்கொண்டு போனது.

முன்கூட்டியே பேசிப் பதிந்து வைத்ததைக் கம்ப்யூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தது. ஸ்டுடியோவில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஏஎம், அதாவது மத்திய அலை, பக்கம் மாற்றி முள்ளை நகர்த்தினேன். ஒரே கரகரப்பு. அதன் நடுவே ஒரு மனிதர் தொண்டை கட்டிப்போன குரலில் பேசிக்கொண்டிருந்தார். எந்தச் சாலையில் மரம் விழுந்திருக்கிறது, காற்று நின்றதும் ஏன் வெளியே வரக்கூடாது, புயலின் கண் தாண்டியதும் மறுபக்கக் காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்று. பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதி போதுமானதாக இருந்தது.

ஏஎம்மின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான். ஆனால் அன்றிலிருந்து, "ஏஎம்மைக் காப்பாற்றினால் போதும்" என்று சொல்பவர்களோடும் ஒத்துப்போக முடியவில்லை.

முதலில் அந்தக் கரகரப்பு. ஏஎம்மில் குரல் அலையின் உயரத்தில் ஏற்றப்படுகிறது. மின்னல் வெட்டும்போது அதுவும் ஒரு ரேடியோ அலையை வீசுகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் எது குரல், எது மின்னல் என்று பெட்டிக்குப் பிரிக்கத் தெரியாது. மின்னலின் ரேடியோ வீச்சு குறைந்த அலைவரிசைகளில்தான் அதிகம். அதனால் 600 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வெடிக்கிற அளவுக்கு 1500 பக்கம் வெடிக்காது. இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் பண்பலையை உருவாக்கி 1933-ல் காப்புரிமை பெற்றார். ஆனால் 1895-ல் ரஷ்யாவின் அலெக்சாண்டர் போபோவ் செய்து காட்டிய கருவி பிடித்ததே தூரத்து மின்னலைத்தான். வானொலியின் முன்னோர்களில் ஒன்று இடிமழையைக் கேட்கப் பிறந்த கருவி என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல். இப்போதும் நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, வெடிப்புகள் நெருங்குகின்றனவா, விலகுகின்றனவா என்று கேட்டுப் பார்க்கலாம். தூரம் சொல்லாது, போக்கைச் சொல்லும்.

வேடிக்கை என்னவென்றால், நம் வீட்டில் ஏஎம்மைக் கெடுப்பது பெரும்பாலும் மின்னல் அல்ல. எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், இணையப் பெட்டியின் அடாப்டர், இவைதான். இவற்றுக்குள்ளே இருக்கும் சுற்று நொடிக்குப் பல்லாயிரம் முறை அணைந்து எரிகிறது. அதன் எச்சம் நேராக ஏஎம் வரிசையில் வந்து விழுகிறது. "இப்பல்லாம் ஏஎம் எடுக்கவே மாட்டேங்குது" என்று சொல்பவர்களின் வீட்டில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கேட்டால் தெரியும். புயலில் ஊரே இருண்டுவிட்டால் இந்த இரைச்சலும் ஓய்ந்துவிடும். அதாவது, எப்போது தேவையோ அப்போதுதான் ஏஎம் நன்றாகக் கேட்கும். இன்வெர்ட்டர் ஓடினால் அதையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

அப்புறம் அந்த நீட்டு ஏரியல். ஏஎம் கேட்கும்போது அதை இழுத்து நீட்டிப் பயனில்லை. பெரும்பாலான பெட்டிகளில் அது பண்பலைக்கும் சிற்றலைக்கும்தான். ஏஎம்முக்கு உள்ளே படுக்கை வாட்டில் ஒரு ஃபெரைட் கம்பி, ஒயர் சுற்றிய கருப்புக் குச்சி, ஏரியலாக இருக்கிறது. அந்தக் கம்பியின் முனை நிலையத்தைப் பார்த்தால் ஒலி செத்துவிடும், பக்கவாட்டு பார்த்தால் எழும். எனவே பெட்டியை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கான்கிரீட் வீடானால் கம்பிகளெல்லாம் சேர்ந்து சிக்னலை விழுங்கும், ஜன்னல் பக்கம் கொண்டு போங்கள். மின்னல் அடிக்கிற நேரத்தில் மொட்டை மாடிக்கு ஒயர் இழுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

இரவில் இன்னொரு சிக்கல். பகலில் அயனி மண்டலத்தின், அதாவது வெகு உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றுப் படலத்தின், கீழ் அடுக்கு ஏஎம் அலைகளை உறிஞ்சிக்கொள்கிறது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடுவதால் அலைகள் மேலே போய் மோதித் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி விழுகின்றன. எங்கோ இருக்கும் நிலையம் உள்ளூர் நிலையத்தின் தோளில் ஏறி உட்காரும். இதைத் தவிர்க்கத்தான் அமெரிக்காவில் பல ஏஎம் நிலையங்கள் இரவில் சக்தியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். விதியில் நியாயம் இருக்கிறது. ஆனால் புயல் இரவு பார்த்து வந்தால் சிறிய நிலையத்தை நம்பியிருப்பவர் கதி கஷ்டம்தான்.

இவ்வளவு குறை இருந்தும் ஏன் ஏஎம்? 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் தாக்கியபோது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 870 கிலோஹெர்ட்ஸில் டபிள்யூடபிள்யூஎல் நிலையம் பேசிக்கொண்டே இருந்தது. மேயர் ரே நாகின் கொதித்துப் பேசிய பேட்டி அதில்தான் வந்தது. போட்டி நிறுவனம்கூடக் கைகோத்து ஒரே ஒலிபரப்பைப் பல நிலையங்களில் கொடுத்தது. 2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரீக்கோ தீவைப் புரட்டிப் போட்டபோது செல்போன் கோபுரங்களில் சுமார் 95 சதவீதம் படுத்துவிட்டன. வாபா ரேடியோ 680-ல் தாக்குப்பிடித்தது.

இந்தக் கதைகளைச் சொல்பவர்கள் கோபுரத்தைத்தான் புகழ்கிறார்கள். 50,000 வாட், ஒரே கோபுரம், இத்தனை தூரம் என்று. மின்சார கார்களில் மோட்டார் இரைச்சலைக் காரணம் காட்டி ஏஎம்மை எடுக்கப் பார்த்தார்கள். ஃபோர்டு நிறுவனம் 2023-ல் அப்படி அறிவித்துவிட்டுப் பின்வாங்கியது. எல்லா வண்டியிலும் ஏஎம் வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதாவே வந்தது. சரி, பெட்டி இருக்கும். அதில் யார் பேசுவது? கோபுரம் மட்டும் நின்று, அதிலும் "இனிய இரவு" என்று பதிவு ஓடினால் என் பண்பலை நிலையத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

ஆள் வைக்கக் காசு இல்லை என்பார்கள். உண்மைதான், சிறிய நிலையத்துக்கு விளம்பரம் எங்கிருந்து வரும்? வருடம் முழுக்க ஆள் வைக்கச் சொல்லவில்லை. எச்சரிக்கை வந்த நிமிடத்திலிருந்து புயல் ஓயும்வரை ஒருவர் இருக்கட்டும். உரிமத்திலேயே அதை எழுதிவிடலாம்.

அந்த ஒருவரும் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்தவராக இருக்க வேண்டும். கேட்பவரிடம் இரண்டு பேட்டரிதான் இருக்கும். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு அணைத்துவிடுவார். எனவே ஊர்ப் பெயரும் நேரமும் சொல்லி, நிதானமாக, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அடுத்த செய்தி எத்தனை மணிக்கு என்று சொல்லாமல் முடிக்கவே கூடாது. ஜிங்கிளும் பின்னணி இசையும் வேண்டாம், கரகரப்பில் எல்லாம் கலந்து குழம்பிவிடும்.

அன்று பேசியவருக்கு இது தெரிந்திருந்தது. நாலு மணிக்கு இருமிக்கொண்டே, "ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தணும், அரை மணியில வந்துடறேன், யாரும் வெளிய போகாதீங்க" என்றார். ஒலிபரப்பு நின்றது. அதே இடத்தில் எங்கிருந்தோ ஒரு நிலையம் ஏறி வந்து புரியாத மொழியில் ஏதோ பாடியது. பேட்டரியை மிச்சப்படுத்த அணைத்திருக்கலாம். மனசு வரவில்லை. நாலு இருபத்தேழுக்கு அந்தப் பாட்டின்மேல் அவருடைய இருமல் கேட்டது.