'விலைக்கு இன்பாக்ஸ் வரவும்' என்று இனி எழுதாதீர்கள்

உடன்குடிப் பக்கம் என் சித்தப்பா கருப்பட்டிக் கடை வைத்திருக்கிறார். சின்னக் கடைதான். முன்னால் ஒரு மேசை, தராசு, ஓலைப்பெட்டிகள். பின்னால் சாக்கு விரித்து அடுக்கிய கருப்பட்டி. நான்கு வருடமாக அந்தக் கடையின் முகநூல் பக்கம், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இதில் எனக்கு உறுதியாகப் பட்ட ஒன்றை இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கல்லாவில் உட்கார்ந்து அத்தனை அழகாக வியாபாரம் பேசும் நம் சிறு கடைக்காரர்கள், போனைக் கையில் எடுத்ததும் வேறு ஆளாக மாறிவிடுகிறார்கள். வியாபாரம் அங்கேதான் கெடுகிறது.

கடைக்கு ஒருவர் வந்து "அண்ணாச்சி, கிலோ என்ன விலை?" என்று கேட்டால், கேட்டவர் வாய் மூடுவதற்குள் சித்தப்பா பதில் சொல்லிவிடுவார். அதே சித்தப்பா முகநூலில் படத்தைப் போட்டுவிட்டு 'விலைக்கு இன்பாக்ஸ் வரவும்' என்று எழுதச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "விலைய வெளிய போட்டா பக்கத்துக் கடைக்காரன் பாத்துருவாம்ல" என்றார். பக்கத்துக் கடைக்காரருக்கு நம் விலை எப்போதோ தெரியும் சித்தப்பா, தெரியாமல் தவிப்பது சென்னையில் இருந்து பார்க்கிறவர்தான் என்று சொல்லிப் பார்த்தேன். மனசு இறங்க ஒரு மாதம் ஆனது. கிலோ விலை, அரைக்கிலோ விலை, கூரியர் செலவு மூன்றையும் படத்துக்குக் கீழேயே எழுதினோம். அன்றிலிருந்து 'விலை?' என்று மட்டும் கேட்டுவிட்டுக் காணாமல் போகிற செய்திகள் குறைந்தன. நேராக முகவரியை அனுப்பி, எவ்வளவு பணம் அனுப்பட்டும் என்று கேட்கிறவர்கள் கூடினார்கள்.

யோசித்துப் பாருங்கள். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனால் என்ன நினைப்பார்களோ என்று தயங்குகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! கடை வாசல் வரை வந்தவரைத் திண்ணையில் நிற்க வைப்பது போன்றதுதான் அந்த ஒரு வரி.

அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு விளம்பர நிறுவனத்துக்கு மாதாமாதம் பணம் கட்டினோம். பொங்கல் வாழ்த்து, மகளிர் தினம், நட்பு தினம் என்று நாள் தவறாமல் போஸ்டர் போட்டார்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் கடைப் பெயர். ஒரு நாள் 'எங்கள் தரமான கருப்பட்டி' என்று இணையத்தில் எங்கோ எடுத்த படத்தைப் போட்டுவிட்டார்கள். அரை மணி நேரத்தில் ஒருவர் கருத்தில் கேட்டார்: "அண்ணா, இது அச்சு வெல்லம் மாதிரி இருக்கே?" அச்சு வெல்லமேதான். எங்கள் கருப்பட்டி சிரட்டையில் ஊற்றுவது, அரைக்கோளமாக இருக்கும். அதைப் பார்த்ததும் சித்தப்பாவின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். கருப்பட்டி வியாபாரமே நம்பிக்கையில் நிற்கிறது. சீனி கலந்தது எது, கலக்காதது எது என்று வாங்குகிறவருக்குப் பார்வையில் தெரியாது. அப்படிப்பட்ட பொருளுக்கு வேறு யாருடைய படத்தையோ போட்டால், இருக்கிற நம்பிக்கையும் போகாதா?

அந்தச் சித்திரை மாதம் நானே விடிலிக்குப் போனேன். விடிலி என்றால் பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசை. பனையேறி இறக்கி வந்த பதநீர் தாச்சி என்கிற பெரிய சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பில் பனை மட்டை. சித்தி கிளறிக்கொண்டே, நுரை பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையைத் தட்டிப் போட்டாள். பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தாள். பதம் வந்ததும் ஈரச் சிரட்டைகளில் வரிசையாக ஊற்றினாள். ஒன்றரை நிமிட வீடியோ. பாட்டு எதுவும் சேர்க்கவில்லை, மட்டை எரிகிற சத்தமும் சித்தி குரலும் மட்டும்தான். "பத்து லிட்டர் பதநீர காச்சுனா ஒரு கிலோ, மிஞ்சிப்போனா ஒன்றரை கிலோதான் கிடைக்கும்" என்று அவள் பாட்டுக்குச் சொன்னாள். விலை ஏன் அவ்வளவு என்பதற்கு நான் பத்துப் பதிவு எழுதியிருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

கருத்தில் கேள்விகள் குவிந்தன. சீனி போடுவீர்களா, சுண்ணாம்பு ஏன், வருடம் முழுக்கக் கிடைக்குமா? ஒவ்வொன்றுக்கும் சித்தப்பா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்கத்தான் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடி வரைதான் நல்ல பருவம். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் எழுதினோம். அந்த முத்திரை சந்தோஷம்தான். ஆனால் மக்கள் அதைவிடச் சித்தியின் கையைத்தான் நம்பினார்கள் என்பது என் அனுபவம்.

மழைக்காலத்தில் ஒரு சோதனை வந்தது. கோயம்புத்தூரில் இருந்து ஒருவர், கருப்பட்டி கசிந்து பெட்டி முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும் படத்தைப் போட்டு, ஏமாற்று வியாபாரம் என்று எழுதிவிட்டார். "அத அழிச்சிரு ஐயா" என்றார் சித்தப்பா. அழிக்கவில்லை. அந்தக் கருத்துக்குக் கீழேயே மன்னிப்புக் கேட்டோம். கருப்பட்டி காற்றின் ஈரத்தை இழுக்கும், மழையில் இளகும், பொட்டலம் கட்டியதில் தப்பு எங்களுடையது என்று எழுதி, வேறு கருப்பட்டியை நன்றாகச் சுற்றி அனுப்பினோம். ஒரு வாரம் கழித்து அவரே வந்து, கிடைத்துவிட்டது, நன்றி என்று எழுதினார். இப்போது ஐப்பசி பிறந்தால், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள் என்று நாங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறோம்.

அப்புறம், நிறையப் பேர் கவனிக்காத ஒன்று. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு நம் நாட்டில் தடை வந்தது. அதில் மட்டுமே ஆட்களைச் சேர்த்து வைத்திருந்த சின்ன வியாபாரிகளுக்கு மறுநாள் கையில் எதுவும் மிஞ்சவில்லை. இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் அடுத்த மாதமே வந்தது, ஆனால் போன ஆட்கள் தானாகத் திரும்பி வரவில்லை. அதனால் வாங்கியவர்களின் போன் நம்பர்களை அவர்கள் சம்மதத்தோடு நோட்டில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம்தான், அதில் கேட்லாக் போட்டு விலையோடு பொருளைக் காட்டலாம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்தவருக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல் மூன்று மாதம் அனுப்பிக்கொண்டே இருந்தேன், பாதிப் பேருக்குப் போகவே இல்லை. இப்போது ஒவ்வொரு பொட்டலத்திலும் 'புதுக் கருப்பட்டி வந்தால் சொல்கிறோம், இந்த நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று சீட்டு வைக்கிறோம்.

கூகுள் மேப்பை விட்டுவிடாதீர்கள். குலசேகரன்பட்டினம் தசராவுக்கும் திருச்செந்தூர் சஷ்டிக்கும் வருகிற ஜனங்கள் எங்கள் வழியாகத்தான் போகிறார்கள். வண்டியில் இருந்தபடியே 'கருப்பட்டிக் கடை' என்று தேடுகிறார்கள். எங்கள் கடையின் குறி இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு வயலில் இருந்தது, போன் நம்பரும் பழையது! கடைப் பலகையையும் உள்ளேயும் வீடியோ எடுத்து அனுப்பி, கடை எங்களுடையதுதான் என்று உறுதி செய்து, நேரத்தையும் நம்பரையும் திருத்தினோம். ஒரு பைசா செலவில்லை. இரண்டு லட்சம் பேர் பார்த்த ரீல்ஸைவிட இந்தத் திருத்தம்தான் எங்கள் கல்லாவுக்கு அதிகம் கொண்டுவந்தது.

காசு கட்டிப் பதிவை அதிகம் பேருக்குக் காட்டும் பூஸ்ட் பட்டனை ஆசைப்பட்டு அழுத்தாதீர்கள். விளம்பரத் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் உண்டு. அனுப்ப முடியாத ஊர்க்காரர்களிடம் எல்லாம் காட்டிக் காசைக் கரைப்பதைவிட, ஏற்கெனவே நன்றாக ஓடிய வீடியோ ஒன்றை நீங்கள் பொருள் அனுப்பும் ஊர்களுக்கு மட்டும் காட்டினால் போதும். காசு கொடுத்து ஃபாலோயர் வாங்கவே வாங்காதீர்கள். 'உங்கள் பக்கம் 24 மணி நேரத்தில் முடக்கப்படும், இந்த லிங்கைத் தொடவும்' என்று செய்தி வந்தால் தொடாதீர்கள். அது திருட்டு. பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கிற இரண்டடுக்குப் பாதுகாப்பை இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

இப்போது விடிலியில் வீடியோ எடுப்பது சித்தியே. போனை ஒரு பனங்கட்டையில் சாய்த்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாள். சில சமயம் பாதி முகம்தான் தெரிகிறது. நான் வெட்டாமல் அப்படியே போட்டுவிடுகிறேன்.

சின்னக் கடை வைத்திருக்கும் நண்பர்கள் உங்கள் பக்கத்தின் லிங்கைக் கருத்தில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விலையை எழுதியிருக்கிறீர்களா என்றுதான் முதலில் பார்ப்பேன்.