விடுதியை மூடிவிட்டு வேதாகமப் பள்ளி நடத்த முடியுமா?

கடந்த ஞாயிறன்று ஆராதனை முடிந்தபின் எங்கள் சேகரத்தில், அதாவது ஒரே குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் வட்டத்தில், நடந்த கூட்டத்தில், நாங்கள் ஆண்டுதோறும் காணிக்கை அனுப்பித் தாங்கிவரும் ஒரு மிஷன் வேதாகமப் பள்ளியின் விடுதியை மூடிவிட்டு, பாடங்கள் அனைத்தையும் கைப்பேசி வழியாகவே நடத்திவிடலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. அரிசி விலை, எரிவாயுச் செலவு, விடுதிக் காப்பாளரின் சம்பளம், கட்டடப் பழுது என்று ஒவ்வொன்றாகக் கணக்கு வாசிக்கப்பட்டபோது எவராலும் மறுத்துப் பேச முடியவில்லை. யோசனை சொன்னவர்கள் ஊழியத்தின் மேல் அக்கறை உள்ளவர்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனாலும் அப்படிப்பட்ட ஒரு விடுதியில் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் வடக்கே மிஷனெரிப் பணித்தளத்தில் இருந்தவன் என்ற முறையில், அந்தக் கணக்கில் சேர்க்கப்படாத சிலவற்றைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் 1990களின் இறுதியில் தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த ஒரு சிறிய வேதாகமப் பள்ளியில் சேர்ந்தேன். மாணவர்கள் ஏறக்குறைய நாற்பது பேர். அதிகாலை நான்கரை மணிக்கு வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை ஒருவர் இரும்புக் கம்பியால் அடிப்பார். ஐந்து முதல் ஆறு மணி வரை தனி ஜெபம்; அதன்பின் ஒரு மணி நேரம் வேலை; ஒன்பது மணியிலிருந்து வகுப்புகள்; மாலையில் கைப்பந்து; ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம்; பத்து மணிக்கு விளக்கணைப்பு. வெள்ளிக்கிழமை நண்பகல் வரை உபவாசம். சனிக்கிழமைகளில் இருவர் இருவராகச் சைக்கிளில் சுற்றுப்புற ஊர்களுக்குப் போய், ஞாயிறு பள்ளி நடத்திவிட்டு மறுநாள் மாலை திரும்புவோம். இந்த அட்டவணை பல வேதாகமப் பள்ளிகளிலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் இதைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது காலையில் வரும் அந்த ஒரு மணி நேர வேலையையும், அதிலிருந்து பந்திக்கு வந்து சேர்ந்த சாப்பாட்டையும் பற்றி.

வேலைகள் வாரம் ஒருமுறை மாறும். முற்றம் பெருக்குவது, தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, கழிப்பறை கழுவுவது, சமையற்கட்டு. முதல் மாதத்திலேயே எனக்குச் சமையற்கட்டு வந்தது. நால்வர் கொண்ட அந்தக் குழுவுக்குப் பொறுப்பாளராக இருந்த அண்ணன் என் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். அந்த ஊரின் கிழக்குத் தெருவிலிருந்து வந்தவர். எங்கள் வீட்டில் அந்தத் தெரு மக்களோடு பழகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. இரண்டு தெருக்களிலும் கோயில் இருந்தது, இரண்டிலும் ஒரே பாமாலையைத்தான் பாடினோம், ஒரே உபதேசியார்தான் இரு கோயில்களிலும் ஜெபம் நடத்தினார். ஆயினும் பத்தொன்பது வயது வரை அந்தத் தெருக்காரர் ஒருவர் கையால் சமைத்த சோற்றை நான் உண்டதில்லை. அப்படி ஒரு வாய்ப்பே வராதபடி ஊர் அமைந்திருந்தது. அதை நான் கவனித்ததுகூட இல்லை.

அண்ணன்தான் எனக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுத்தார். நாற்பது பேருக்கான சோறு கொதிக்கும் அண்டாவைத் தனியொருவரால் சாய்க்க முடியாது. சாக்குத் துணியை ஈரமாக்கி இருபுறமும் பிடித்துக்கொண்டு, மூங்கில் தட்டால் வாயை அடைத்து, இருவரும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் சாய்க்க வேண்டும். ஒருவர் முந்தினால் கொதிக்கும் கஞ்சி மற்றவரின் கால்மேல் கொட்டும். ஆவி முகத்தில் அடிக்கும்போது எதிரே நிற்பவர் தெரியமாட்டார். "மெதுவா தம்பி, இன்னும் கொஞ்சம், போதும், நிறுத்து" என்ற அவருடைய குரலை மட்டும் நம்பித்தான் கை இயங்க வேண்டும். வடிந்த கஞ்சியில் ஒரு கல் உப்பைப் போட்டு, ஒரே லோட்டாவில் முதலில் எனக்கும் பிறகு தமக்குமாக அவர் ஊற்றிக் குடித்த அந்தக் காலை இன்றும் என் நினைவில் தெளிவாக இருக்கிறது. அன்று எனக்குள் என்ன உடைந்தது என்பதை அப்போது என்னால் சொல்ல முடிந்திருக்காது. இரண்டு ஆண்டுகளில் நான் கேட்ட எந்த வகுப்பும் அந்த ஒரு வாரம் செய்ததைச் செய்யவில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாம் ஆண்டில் குஜராத்தின் டாங் மாவட்டத்திலிருந்து இரண்டு தம்பிகள் வந்து சேர்ந்தார்கள். அங்கே பணிசெய்த தமிழ் மிஷனெரிகளோடு பழகி ஓரளவு தமிழ் பேசக் கற்றிருந்தார்கள். மூன்று வேளையும் நெல்லுச்சோறும் புளிக்குழம்பும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டே வாரங்களில் இளைத்துப்போனார்கள். அவர்கள் நாக்லி என்று சொன்னது நம்முடைய கேழ்வரகுதான் என்று தெரிந்ததும், கடையத்துக்குப் போய் ஐந்து கிலோ மாவு வாங்கி வந்தோம். வெந்நீர் விட்டுப் பிசைந்து, ஈர உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டித் தட்டி வட்டமாக்கி, மண் ஓட்டில் போட்டு அவர்கள் சுட்ட ரொட்டியை, உளுந்தம்பருப்புக் கடைசலோடு நாற்பது பேரும் உண்டோம். அன்று முதல் புதன்கிழமை இரவுச் சாப்பாடு அவர்கள் பொறுப்பானது. அதுவரை வகுப்பில் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்த இருவரும், சமையற்கட்டில் எங்களுக்கு ஆசிரியர்களாக நின்றபிறகுதான் வகுப்பிலும் வாய் திறந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து நானே டாங் மாவட்டத்தில் குக்கணா என்னும் ஆதிவாசி மக்களின் ஒரு கிராமத்தில், சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து அதே ரொட்டியைப் பிட்டபோது, வீட்டுக்கார அம்மா என் கையைப் பார்த்து, எங்கே பழகினாய் என்று கேட்டார். அந்த வீட்டின் கதவு எனக்குத் திறந்தது அப்படித்தான்.

ஒரே பந்தி என்பது நம் சபைகளில் சும்மா வந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் விடுதிப் பள்ளிகளைத் தொடங்கிய காலத்தில், மிஷன் வளவுக்குள் சமைத்ததை உண்ண மறுத்த மாணவர்களுக்காக வளவுக்கு வெளியே சமையற்கூடம் அமைக்க வேண்டியிருந்தது. தமிழகத்தில் 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முழுவதுமாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். ஞானத்தையும் இசையையும் அள்ளித் தந்த பெரியவர்கள்கூட அந்த ஆணையை எதிர்த்து நின்றார்கள் என்பதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. சாதியை விடமாட்டோம் என்று சொன்னவர்கள் வேதத்தை அறியாதவர்கள் அல்லர்; வசனங்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள். அறிவு மட்டும் ஒருவனைப் பந்தியில் உட்காரவைத்துவிடாது என்பதற்கு நம் சொந்த வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய சான்று இருக்கும்போது, அறிவை மட்டும் கைப்பேசியில் அனுப்பினால் போதும் என்று நாம் எப்படி முடிவு செய்கிறோம்?

வெள்ளாளன்விளையில் பிறந்து, 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே பேசியதும் இதைப் பற்றித்தான். நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே கொடுத்தீர்கள்; நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பதே அவர் சொன்னதன் சாரம். பணமும் படிப்பும் தந்தவர்கள் பக்கத்தில் உட்காரவில்லை என்ற வேதனை அது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, பல வீட்டாரும் ஒன்றாகப் பொங்கி ஒன்றாக உண்ணும் 'ஒரே ஒலை'யை (ஒரே உலையை)த் தம் இறையியலின் நடுவிலேயே வைத்தார். எங்கள் திருநெல்வேலிச் சபைகளில் அசனம் வைக்கிறோமே, ஊர் முழுவதும் ஒரே கொப்பரையில் வெந்த சோற்றை வரிசையாக உட்கார்ந்து உண்கிறோமே, அதை ஆண்டுக்கு ஒருநாள் என்றில்லாமல் ஒவ்வொரு நாளும் செய்யும் இடமாகத்தான் ஒரு வேதாகமப் பள்ளியை நான் பார்க்கிறேன்.

இவ்வளவும் சொன்னபிறகு, விடுதி வாழ்க்கையின் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. நான் படித்த பள்ளியில் மாணவர்கள் ஒரே பந்தியில் உண்டோம்; ஆசிரியர்களுக்கு மட்டும் தனி அறை இருந்தது. அங்கே போன குழம்பும் வேறு. ஒருநாள் காலை வகுப்பில் கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் நடந்தது. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தவுடனே விலகிப் பிரிந்துகொண்டதையும், பவுல் அதை முகமுகமாய் எதிர்த்ததையும் ஆசிரியர் கண்கலங்க விளக்கினார். அன்று மதியம் அவருக்கான சாப்பாட்டுத் தட்டை அந்த அறைக்கு எடுத்துச் சென்றவன் நான். அவர் நல்லவர், என்னை மகனைப் போல நடத்தியவர். அந்த அறையை ஏற்படுத்தியவரும் அவர் அல்லர். ஆனால் அந்தத் தட்டோடு நான் நடந்த முப்பது அடி தூரத்தில் காலைப் பாடம் முழுவதும் என்னைவிட்டுக் கழன்றுபோயிற்று.

இன்னொரு குறை அதைவிடப் பெரியது. வேலைப் பட்டியல் வாரம் ஒருமுறை மாறும் என்று சொன்னேன், காகிதத்தில் மாறியது. கழிப்பறை வாரம் வரும்போது சிலருக்குக் காய்ச்சல் வந்தது, சிலருக்கு அவசரமாக ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அந்த இடத்தை எப்போதும் அதே நான்கைந்து பேர்தான் நிரப்பினார்கள். அவர்கள் யார், எந்தத் தெருக்களிலிருந்து வந்தவர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், எவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை, அது என் பாவம். பெண்கள் பிரிவில் படித்த சகோதரிகளுக்கோ, பண்டிகை நாள்களில் வகுப்பை விட்டுவிட்டு விருந்தினருக்குச் சமைப்பது எழுதப்படாத சட்டமாகவே இருந்தது. அவர்களும் எங்களைப் போலவே பாடம் படித்து, தேர்வு எழுதி, பணித்தளத்துக்குப் போக வந்தவர்கள்தாம்.

இந்தக் குறைகளைக் காட்டித்தான் சிலர் விடுதியே வேண்டாம் என்கிறார்கள். நான் நேர்மாறாக நினைக்கிறேன். தனி அறையும் கழிப்பறைப் பட்டியலும் எங்கள் கண்முன் நின்றதால்தான் எங்களுக்குள் இருந்தது வெளியே தெரிந்தது. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில், தத்தம் தெருவில், தத்தம் அம்மா சமைத்ததை உண்டுகொண்டே அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரத்தில் வரும் 'மகிழ்ச்சியோடும் கபடமில்லாத இருதயத்தோடும்' உண்ட கூட்டத்தைப் பற்றிக் கைப்பேசியில் படித்து, நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் வாங்கிவிடலாம். கிழக்குத் தெரு அண்ணனைச் சந்திக்காமலே நானும் வாங்கியிருப்பேன். அந்தச் சான்றிதழோடு டாங் மலைக்குப் போய் ஆதிவாசி வீட்டுத் தரையில் நான் எப்படி உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

கைப்பேசி வழிப் பாடங்களை நான் அடியோடு மறுக்கவில்லை. வேலையை விட முடியாத குடும்பஸ்தர்கள், பிள்ளைகளை விட்டுவர இயலாத தாய்மார்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் ஆகியோருக்கு அவை பெரிய உதவி. தபால்வழி வேதபாடம் படித்து வளர்ந்த பலரை நான் அறிவேன். ஆனால் வேறு மொழியும் வேறு உணவும் உள்ள மக்கள் நடுவே போய் வாழப்போகிறவர்களுக்கு, அந்நியர்களோடு வாழ்வதையே பயிற்சியாகக் கொடுக்காமல் அனுப்புவது அவர்களுக்கும் அநியாயம், அவர்களை ஏற்கப்போகும் மக்களுக்கும் அநியாயம்.

எனவே அடுத்த மாதம் கூடவுள்ள கூட்டத்துக்கு முன்பாக எங்கள் குருவானவராகிய ஐயரவர்களிடமும் கமிட்டியாரிடமும் என் வேண்டுகோளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். விடுதி தொடரட்டும், மூன்று ஆண்டுப் படிப்பை அப்படியே வைக்கப் பணம் இல்லையென்றால், ஓராண்டுப் பாடத்தைக் கைப்பேசிக்கு மாற்றி, இரண்டு ஆண்டுகளை விடுதியில் நடத்தலாம். முதல்வர் முதல் புதிய மாணவர் வரை ஒரே கூடத்தில், ஒரே குழம்பை உண்ண வேண்டும். கழிப்பறைப் பட்டியலில் ஆசிரியர்களின் பெயரும் வர வேண்டும். வராதவர் யார் என்று மாதந்தோறும் பார்க்கப்பட வேண்டும். பண்டிகைச் சமையலை ஆண்களும் பெண்களும் சேர்ந்து செய்ய வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை.

செலவென்று வருவது அரிசிதான். எங்கள் சபையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மார்கள் ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைக்கிறார்கள். மாதக் கடைசியில் அது மூட்டையாகக் கோயிலுக்கு வருகிறது. என் தாயாருக்கு எழுபத்தாறு வயது, பார்வை மங்கிவிட்டது, அந்தப் பானை மட்டும் அடுப்புக்கு வலப்பக்கம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தடவிப் பார்க்காமலே தெரியும். விடுதியை மூடப்போகிறார்களாம் என்று நான் சொன்னபோது அவர், "அப்ப இந்த அரிசியை யாருக்குல பொங்குவாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியையும் என் விண்ணப்பத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன்.