'தா'வுக்கு யார் சொந்தக்காரர்?

ரஷ்ய மொழியில் 'தா' என்றால் 'ஆம்'. ஜெர்மனில் 'அங்கே' என்று சுட்டிக் காட்டுகிற சொல். வேல்ஸ் மொழியில் 'நல்ல'. இத்தாலியனில் ஊர்ப் பெயருக்கு முன்னால் போட்டால் 'அங்கிருந்து'. சீனத்தில் குரலைச் சட்டென்று இறக்கிச் சொன்னால் 'பெரிய'. தமிழில் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை யாருக்கும் சண்டை இல்லை. லத்தீனும் சமஸ்கிருதமும் வந்தவுடன்தான் ஆரம்பிக்கிறது. லத்தீனில் ஒருவரைப் பார்த்து 'கொடு' என்று சொல்ல 'தா' என்றாலே போதும். சமஸ்கிருதத்தில் கொடுத்தலுக்கு வேர்ச்சொல்லே 'தா'தான். தானம் அதிலிருந்து வந்தது. உடனே ஒரு தரப்பு, "பார்த்தீர்களா, லத்தீனே தமிழிலிருந்து போனது" என்று பதிவு போடுகிறது. இன்னொரு தரப்பு, "தமிழின் 'தா'வே சமஸ்கிருதக் கடன்" என்கிறது. இரண்டும் ஆயிரக்கணக்கில் பகிரப்படுகின்றன. இரண்டுமே தப்பு. தமிழ்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள் முதல் தரப்போடு சேர்ந்துகொள்வதைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. அவர்கள் தேடுகிற பெருமை அதே சொல்லுக்குள் இருக்கிறது, அதை விட்டுவிட்டு வேறெங்கோ தேடுகிறார்கள்.

முதலில் எழுத்தை மறந்துவிட்டுக் காதால் கேளுங்கள். தமிழ் எழுத்தில் 'த' ஒன்றுதான். 'தலை'யின் தகரத்தையும் 'தானம்' என்பதன், தொண்டை அதிரச் சொல்கிற வடமொழித் தகரத்தையும் ஒரே எழுத்தால் எழுதிவிடுகிறோம். கன்னடத்தில் அப்படி இல்லை, இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. அங்கே 'தானம்' சமஸ்கிருதத்திலிருந்து வந்தபோது அந்த அதிரும் தகரத்தோடேயே வந்து உட்கார்ந்தது. ஆனால் கன்னடத்தின் 'தா' நம்முடையது போலவே அதிராத தகரம். மலையாளத்திலும் அப்படியே. கடன் வாங்கியிருந்தால் அதிர்வும் கூடவே வந்திருக்க வேண்டும்.

அடுத்து, இந்த 'தா' எப்படி வளைகிறது என்று பாருங்கள். தா, தந்தான், தருவான், தாரான். பக்கத்தில் இன்னொரு சொல்லை வையுங்கள்: வா, வந்தான், வருவான், வாரான். ஒரே அச்சு. இப்போது கன்னடத்துக்குப் போங்கள். அங்கே 'வா' என்பது 'பா'. நம் வகரம் அங்கே சொல் முதலில் அதிரும் பகரமாக மாறும். வேர் 'பேரு' ஆகும், விரல் 'பெரளு' ஆகும். ஆக நம் வந்தான், தந்தான் இரண்டும் அங்கே பந்தனு, தந்தனு. இப்படி ஒழுங்கு தப்பி வளைகிற இரண்டு வினைகள் இரண்டு மொழிகளிலும் ஒரே மாதிரி ஒழுங்கு தப்பி வளைகின்றன. இது தற்செயலாக நடக்காது. இவை ஒரே மொழிக் குடும்பம் என்று காட்ட 1816இல் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை வரிசையாக அடுக்கிக் காட்டியதும், 1856இல் கால்டுவெல் அதை விரித்து எழுதியதும் இந்த வகைச் சான்றுகளை வைத்துத்தான்.

உலகத்தில் ஏறத்தாழ 7,000 மொழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பேசுவது ஒரே மாதிரி வாய். நாக்கைப் பல்லில் வைத்து எடுத்து வாயைத் திறந்தால் 'தா' வந்துவிடும். ஓரெழுத்துச் சொற்கள் ஒலியில் ஒத்துப்போவதில் வியப்பே இல்லை, சில சமயம் பொருளும் சேர்ந்தே ஒத்துப்போகும். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் பேசப்பட்ட ம்பபரம் மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலத்தில் உள்ள அதே 'டாக்'! மொழியியலாளர் டிக்சன் பதிவு செய்தது இது. கடனும் இல்லை, உறவும் இல்லை. பக்கத்து இடின் மொழியில் நாய் 'குடக'. ம்பபரத்தில் அந்த முதல் அசை தேய்ந்துபோய் மிச்சம் நின்றது இது.

சரி, கன்னடத்தில் 'தா' என்றால் என்ன தெரியுமா? 'கொண்டு வா'. தெலுங்கில் இதற்கு உறவான 'தெச்சு'வும் கொண்டு வருவதுதான். நாம் ஏன் 'கொடு' என்கிற பொருளில் சொல்கிறோம்?

இதற்கு விடை தொல்காப்பியத்தில் இருக்கிறது. ஈ, தா, கொடு மூன்றும் ஒன்றல்ல என்று அது பிரித்துச் சொல்வதைப் பள்ளியிலேயே படித்திருப்போம்: தாழ்ந்தவன் கேட்டால் 'ஈ', ஒத்தவன் கேட்டால் 'தா', உயர்ந்தவன் கேட்டால் 'கொடு'. அதிகம் பேசப்படாத இன்னொரு விதியும் அங்கே உண்டு. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. என்னிடம் வந்தால், உன்னிடம் வந்தால் 'தா'. அவனிடம் போனால் 'கொடு'. ஆகவே 'தா'வுக்கு உள்ளே எப்போதும் ஒரு 'வா' இருந்திருக்கிறது. கன்னடத்தின் 'கொண்டு வா'வும் நம் 'தா'வும் ஒரே அசைவின் இரண்டு பக்கம்.

மலையாளிகள் இந்த விதியை இன்றைக்கும் பேச்சில் காப்பாற்றுகிறார்கள். எனிக்கு தரூ, அவனு கொடுக்கூ. மாற்றிச் சொன்னால் அவர்களுக்குக் காது குத்தும். நம் எழுத்தில் 'அவனுக்குத் தந்தார்' தாராளமாகப் புழங்குகிறது, பேச்சிலோ 'எனக்குக் குடு' என்றே பாதிப்பேர் கேட்கிறோம். அது தவறு என்று நான் சொல்லவில்லை, மொழி அப்படித்தான் நகரும். ஆனால் லத்தீன் அகராதியில் 'தா'வைத் தேடிப் பிடித்துக் கொண்டாடுகிற நேரத்தில், மலையாளம் பேசும் நண்பர் ஒருவரிடம் இந்த இரண்டு சொல்லையும் எப்போது எதைச் சொல்வார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.