பையடியில் கிடந்த போன் போட்ட பாதை

ரெயூனியன் தீவில் செங்குத்து மலைகள் சூழ்ந்த மஃபாத் பள்ளத்தாக்குக்குள் கார் போக வழியே இல்லை, நடைதான். அங்கே வரைபடம் தப்பென்றால் பொழுது சாயும் நேரத்தில் பள்ளத்தின் விளிம்பில் போய் நிற்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட இடத்துக்கு, பையடியில் போனைப் போட்டுக்கொண்டு எடுத்த ஜிபிஎஸ் தடத்தை (நடந்த வழியைப் போன் புள்ளி புள்ளியாகக் குறித்துவைப்பது) அப்படியே, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாதையாக ஏற்றிவிடுகிறார்களே, வயிறு எரிகிறது!

செங்குத்துப் பாறை பக்கத்தில் இருந்தால் பாதி வானம் மறைந்துபோகும். செயற்கைக்கோள் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் தூரம் கூடுதலாகக் காட்டும், புள்ளி ஓடைக்கு அந்தப் பக்கம் போய் விழும். ஒற்றைத் தடத்தை நம்பிக் கோடு போடவே கூடாது. வேறு வேறு நாளில் எடுத்த மூன்று நான்கு தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, விலகி ஓடுவதைத் தள்ளிவிட்டு, நடுவே வரையுங்கள். போனைப் பையின் தோள்பட்டையில் மாட்டினாலே பாதித் தொல்லை தீரும்.

அடுத்தது பேட்டரி மிச்சம் பிடிப்பவர்கள். 30 விநாடிக்கு ஒரு புள்ளியாம்! மணிக்கு 3 கிலோமீட்டர் நடந்தாலே இரண்டு புள்ளிக்கு நடுவே 25 மீட்டர். ஏற்றத்தில் அதற்குள் ஒரு கொண்டை ஊசி வளைவே காணாமல் போய்விடும். 1 விநாடி வையுங்கள், கூடவே ஒரு பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில் புள்ளிகள் சிக்கு நூல் மாதிரி சுற்றிக் கிடக்கும். அதை வெட்டி எறிய எவ்வளவு நேரம் ஆகும்? அதைக்கூடச் செய்வதில்லை. சிலர் தடம் பதிவான ஃபைலைச் சின்னதாக்குகிறேன் என்று ஒவ்வொரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணையும் தசமத்துக்குப் பின் 4 இலக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் அட்சரேகையில் 11 மீட்டர். 6 இலக்கத்தையும் விட்டுவையுங்கள், புண்ணியமாகப் போகும்.