வியட்நாமில் ஹெலிகாப்டர் ராக்கெட்: விமானிகள் நினைவுகூர்வதும் விட்டுவிடுவதும்

வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் ஓட்டிய அமெரிக்க விமானிகளின் நினைவுக் குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று என் கவனத்தை ஈர்க்கிறது. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள ராக்கெட்டின் வெடிதிறனை அவர்கள் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அதை நேராகப் போகவைக்கத் தாங்கள் பட்ட பாட்டைத்தான் விரிவாகச் சொல்கிறார்கள். அந்த ஆயுதத்தின் இயல்பு முழுவதும் அந்தப் பாட்டுக்குள்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

‘மைட்டி மவுஸ்’ எனப்பட்ட இந்த ராக்கெட், எதிரியின் குண்டுவீச்சு விமானங்களை வானிலேயே வீழ்த்துவதற்காக உருவானது. 1956 ஆகஸ்டில், கலிஃபோர்னியாவில் கட்டுப்பாட்டை மீறிப் பறந்த ஆளில்லா விமானம் ஒன்றின் மீது இரண்டு ஸ்கார்பியன் போர் விமானங்கள் மொத்தம் 208 ராக்கெட்டுகளை ஏவியும் அதை வீழ்த்த முடியவில்லை; கீழே பாம்டேல் பகுதியில் பல நூறு ஏக்கர் எரிந்ததுதான் மிச்சம். வானில் இப்படித் தோற்ற ஆயுதத்தைத்தான் பின்னர் ஹெலிகாப்டரில் பொருத்தித் தரையை நோக்கித் திருப்பினார்கள்.

அதில் வழிகாட்டும் கருவி எதுவும் கிடையாது. குழாயை விட்டு வெளியேறியதும் வால்துடுப்புகள் விரியும். மோட்டார் ஓரிரு நொடிகளில் எரிந்து முடியும். அதன் பிறகு எறிந்த கல்லைப்போல அது தன் போக்கில் போகும். போர் விமானத்தின் வேகத்தில் ஏவினால், எதிர்க்காற்றே துடுப்புகளைப் பிடித்து அதை நிலைப்படுத்தும். மெதுவாகப் பறக்கும் ஹெலிகாப்டரில் அந்த உதவி போதாது என்பதால், வாயு வெளியேறும் துளைகளைச் சாய்வாக வெட்டி, ராக்கெட் சுழன்றபடி செல்லுமாறு மோட்டாரை மாற்றியமைத்தார்கள். அப்போதும், காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பும் இயல்பு அதை விட்டுப் போகவில்லை. ஏவும் கணத்தில் ஹெலிகாப்டர் சற்றே பக்கவாட்டில் சறுக்கினாலும் ராக்கெட் விலகிவிடும். அந்தரத்தில் நின்றபடி ஏவினால், சுழலிறக்கை கீழே தள்ளும் காற்றே அதன் பாதையைக் குலைத்துவிடும். ஆகவே விமானிகள் இறங்குமுகமாகப் பாய்ந்து, பக்கவாட்டுச் சறுக்கலைக் காட்டுவதற்காகக் கருவிப் பலகையின் வளைந்த குழாயில் உருளும் சிறு உருண்டை நடுவில் நிற்குமாறு காலால் மிதிகளைச் சரிசெய்துகொண்டே ஏவினார்கள். முன்கண்ணாடியில் மெழுகுப் பென்சிலால் போட்டுக்கொண்ட குறியே சிலருக்குப் போதுமானதாக இருந்தது. குறி பார்த்தது அவர்களுடைய உடலின் பழக்கம்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

1965 நவம்பரில் இயா த்ராங் பள்ளத்தாக்கில் எதிரியால் சூழப்பட்ட அமெரிக்கக் காலாட்படைக்கு, ஒன்றில் 48 ராக்கெட்டுகள் வரை சுமந்த ஹியூய் ஹெலிகாப்டர்கள் பறக்கும் பீரங்கிகளாகவே துணை நின்றன. தம் வீரர்களுக்கு மிக அருகில் ஏவ நேர்ந்த வேளைகளைச் சொல்லும்போது விமானிகளின் சொற்களில் பெருமையும் அச்சமும் கலந்தே வருகின்றன. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் தங்கள் ஆயுதம் எவ்வளவு சிதறும் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் இல்லை.

ஆனால் ‘ஆணிகள்’ என்று அவர்கள் அழைத்த ராக்கெட் முனையைப் பற்றிய பேச்சு என்னை வருத்துகிறது. ஏறத்தாழ 2,200 சிறு எஃகு அம்புகள் நடுவானில் விடுபடும். விடுபட்ட இடத்தைச் சிவப்புப் பொடி காட்டும். அந்தச் சிவப்பைத் துல்லியமாக நினைவில் வைத்திருக்கும் பலரின் விவரிப்பு அதற்கு மேல் நகர்வதில்லை. 2012இல் ஆப்கானிஸ்தானில் இதே ராக்கெட் குடும்பம் லேசர் வழிகாட்டலுடன் களத்துக்கு வந்தது. அண்மையில் ட்ரோன்களை வானிலேயே வீழ்த்தவும் பயன்பட்டது. வியட்நாமிலோ அது பரப்பைக் குறிவைக்கும் ஆயுதமாகவே இருந்தது, அந்தப் பரப்பில் வயல்களும் குடியிருப்புகளும் இருந்தன. விமானிகளின் நினைவுகளைப் பதிவு செய்பவர்கள், ராக்கெட் எங்கே போயிற்று என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அங்கே யார் இருந்தார்கள் என்றும் அவர்களிடம் கேட்டாக வேண்டும்.