போன் ரிங் ஆனா லீக்குன்னு அர்த்தமில்ல

அண்ணே, பழைய மைக்ரோவேவ் உள்ள ஹேண்ட்போனை வெச்சு கூப்பிட்டு ரிங் ஆச்சுன்னா கதிர் லீக்காகுது, உடனே பழைய சாமான் வாங்குற காராங்குனிக்காரர்கிட்ட குடுத்துடுங்கன்னு போட்டிருக்கீங்க, அது சரியில்ல. அந்த டெஸ்ட்ல புது ஓவனும்தான் ஃபெயிலாகலாம். கதவு ஓரத்துல இருக்கிற தடுப்பு, ஓவன் ஓடுற 2450 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குன்னு அளவு வெச்சு செஞ்சது, நம்ம போன் 900, 1800ன்னு வேற அலைவரிசையிலயும் பேசும், அதுவும் ஒரு வாட்டுல நூறு கோடியில ஒரு பங்குக்கும் கீழ சிக்னல் இருந்தாலே போனுக்குப் போதும். அமெரிக்காவுல 1971லேர்ந்து இருக்கிற சட்டப்படி, கதவுலேர்ந்து 5 செமீ தள்ளி, சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் வரைக்கும்தான் கசியலாம், அதை அளக்க தனி மீட்டர் வேணும்.

வயசு பிரச்சினையே இல்ல, கதவுதான் பிரச்சினை. நம்மூரு ஈரக்காத்துல கீல், கொக்கி துருப்பிடிச்சிருக்கா, கதவு கோணலா நிக்குதா, கண்ணாடி உள்ள இருக்கிற வலை கிழிஞ்சிருக்கா பாருங்க. அப்படி இருந்தா, இல்ல கதவைத் திறந்தும் ஓடிக்கிட்டே இருந்தா, அன்னைக்கே நிறுத்திடுங்க.

இன்னொருத்தர் ஓவனோட வெளி மூடியைக் கழட்டி உள்ள துடைக்கச் சொல்றார், ஐயோ வேணாம்யா! பிளக்கைப் பிடுங்கின பிறகும், மின்சாரத்தைச் சேர்த்து வெக்கிற கெப்பாசிட்டர்ல ஆயிரக்கணக்கான வோல்ட் நிக்கலாம், ஆளையே கொன்னுடும்.