டர்போவின் 'ஸ்டுடுடு': கெத்தா, கேடா?

"ஆக்சிலேட்டரை விட்டதும் வரும் 'ஸ்டுடுடு' சத்தம் வேஸ்ட்கேட் திறப்பதுதான், டர்போவுக்கு ஒன்றும் ஆகாது" என்று ஈசிஆர் வீடியோக்களோடு ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு. டர்போ என்பது இன்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி. அதில் கூடுதல் புகையைத் திருப்பிவிடும் கதவான வேஸ்ட்கேட் இருப்பது புகை போகும் பக்கம். இந்தச் சத்தமோ, த்ராட்டில் (இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் உள்ள மூடி) பட்டென்று மூடியதும் போக வழியில்லாத அழுத்தக் காற்று காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தின் வழியாகவே திரும்பி முட்டுவதால் வருவது, அப்போது டர்போவின் தண்டு முன்னும் பின்னும் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் அடி வாங்கும். குறைந்த பூஸ்டில் (டர்போ தரும் காற்றழுத்தம்) எப்போதாவது வந்தால் டர்போ உடனே செத்துவிடாது (அப்படிப் பயமுறுத்துவதும் மிகைதான்). அதிக பூஸ்டில் தினமும் என்றால் ஆயுள் குறையும். அந்தக் காற்றை வெளியே விடத்தான் ப்ளோ-ஆஃப் வால்வு. அப்புறம், டீசல் வண்டிக்கும் இந்த வால்வு வேண்டும் என்று புதுப்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் யாராவது சொன்னால் காசை வீணாக்காதீர்கள், பெட்ரோல் போல த்ராட்டிலை மூடி வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்ஜின் இல்லை அது.